ஒரே பெட்டியா, தனித்தனிக் கருவிகளா? நெட்வொர்க் பாதுகாப்புக் கருவி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அலுவலகத்தின் இணைய வாசலில் எதை வைப்பது என்ற பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஃபயர்வால், ஐ.பி.எஸ். (ஊடுருவலைக் கண்டறிந்து தடுப்பது), வைரஸ் சோதனை, வெப் ஃபில்டர், வி.பி.என். (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்கு வரும் மறையாக்கிய வழி), ஸ்பேம் வடிகட்டி எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே செய்த கருவி வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வகைக்கு யு.டி.எம். (யூனிஃபைட் த்ரெட் மேனேஜ்மென்ட்) என்று 2004-ல் ஐ.டி.சி. என்ற ஆய்வு நிறுவனம் பெயர் வைத்தது. 2009-ல் கார்ட்னர் என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஃபயர்வால்’ என்பதற்கு இலக்கணம் எழுதியது. இன்று இரண்டு பெயரிலும் விற்பது ஏறக்குறைய ஒரே பெட்டிதான். பெயரில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கட்சி கட்டாமல், வேலை வேலையாகப் பிரித்துக் கேட்டால் விடை தானாக வரும். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகள். இது மற்ற வேலைகளோடு ஒரே சி.பி.யு.வைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா? பெட்டி விழும்போது இதுவும் சேர்ந்து விழுந்தால் தாங்குமா? தனியே வைத்தால் தினமும் பார்க்க ஆள் இருக்கிறாரா? முதல் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்து, மூன்றாவதுக்கு ‘ஆள் இருக்கிறார்’ என்றும் வந்தால் மட்டுமே அந்த வேலையைப் பெட்டிக்கு வெளியே எடுங்கள். ஆள் இல்லாமல் வாங்கும் தனிக் கருவி, வாங்காததைவிட மோசம். பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பை மட்டும் அது தரும்.

முதலில் அளவெடுங்கள்

விற்பவரை அழைக்கும் முன் இரண்டு வாரமாவது இப்போதைய டிராஃபிக்கை அளந்து வையுங்கள். மாதக் கடைசி, பேக்கப் ஓடும் இரவு, விண்டோஸ் அப்டேட் இறங்கும் நாள் மூன்றும் அந்த இரண்டு வாரத்துக்குள் வர வேண்டும். தேவையான எண்கள் இவை:

- உச்ச நேரத்தில் இணைய லைனில் உள்ளே வருவதும் வெளியே போவதும், இரண்டின் கூட்டுத்தொகை
- வி-லேன்களுக்கு (உள் நெட்வொர்க்கின் பிரிவுகளுக்கு) இடையே ஃபயர்வாலைக் கடக்கும் டிராஃபிக்
- ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் செஷன்கள் (இணைப்புகள்), நொடிக்கு எத்தனை புதிய செஷன்கள்
- யு.டி.பி. 443-ல் போகும் பங்கு, அதாவது பிரவுசர்கள் டி.சி.பி.க்குப் பதிலாகப் பயன்படுத்தும் க்விக் நெறிமுறை
- வி.பி.என்.-ல் ஒரே நேரத்தில் எத்தனை பேர்

எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளிடம் எண்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) வழியாக எண்ணும்போது 64 பிட் கவுண்டரையே பயன்படுத்துங்கள். 32 பிட் கவுண்டர், நொடிக்கு 1 ஜிகாபிட் முழு வேகத்தில் 34 நொடிக்கு ஒருமுறை நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் கிராஃப் அழகாகத்தான் இருக்கும், ஆனால் எண் பொய். 5 நிமிடச் சராசரியே கொஞ்சம் பொய்தான்: 20 நொடி லைனை முட்டிய டிராஃபிக் அதில் கரைந்து காணாமல் போகும். முடிந்தால் உச்ச நேரத்தில் மட்டும் 10 நொடி இடைவெளியில் படியுங்கள்.

பாக்கெட்டின் அளவையும் கவனியுங்கள். நொடிக்கு 1 ஜிகாபிட் லைனை 1518 பைட் ஃபிரேம்களால் நிரப்பினால் நொடிக்கு சுமார் 81,000 பாக்கெட். 64 பைட் ஃபிரேம்களால் நிரப்பினால் 14.88 லட்சம். பெட்டிக்கு வலிப்பது பிட் எண்ணிக்கையைவிடப் பாக்கெட் எண்ணிக்கைதான். ஐ.பி. ஃபோன் அதிகமுள்ள இடத்தில் இது முக்கியம். ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்பு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 50 சின்னப் பாக்கெட்டுகளை அனுப்பும்.

டேட்டாஷீட்டில் எந்த எண்ணைப் படிப்பது

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ‘ஃபயர்வால் த்ரூபுட்’, அதாவது நொடிக்குக் கடத்தும் அளவு. பெரும்பாலும் அது பெரிய யு.டி.பி. பாக்கெட்டுகளை, எந்தச் சோதனையும் இல்லாமல், நேராகக் கடத்தி எடுத்த அளவு. அடுத்து ஐ.பி.எஸ். த்ரூபுட், அதற்கும் கீழே எல்லாச் சோதனையும் சேர்ந்த ‘த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’ த்ரூபுட், கடைசியில் டி.எல்.எஸ். (ஹெச்.டி.டி.பி.எஸ். பயன்படுத்தும் மறையாக்கம்) பிரித்துப் பார்க்கும் த்ரூபுட். மேலிருந்து கீழே வரும்போது 10 ஜிகாபிட் 1 ஜிகாபிட்டாகச் சுருங்குவது சாதாரணம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் கதைதான். உங்களுக்கு வேண்டியது கட்டெறும்பின் அளவு.

கடைசி எண் டேட்டாஷீட்டில் இல்லவே இல்லை என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எப்படி அளந்தார்கள் என்றும் கேளுங்கள். 1999-ல் வந்த ஆர்.எஃப்.சி. 2544 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், பாக்கெட்டைக் கடத்தும் கருவிகளுக்கு எழுதிய அளவு முறை. பாதுகாப்புக் கருவிகளுக்கென்றே, சோதனைகளை இயக்கி வைத்து, மறையாக்கிய டிராஃபிக்கோடு அளக்கும் முறை 2023-ல் ஆர்.எஃப்.சி. 9411 ஆக வந்தது. அந்த முறையில் எடுத்த எண் இருந்தால் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளை ஓரளவு நியாயமாக ஒப்பிடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான கலவையில் அளந்ததையே ஒப்பிடுகிறீர்கள்.

இன்னொரு பொறி, சிப். பல ஆல்-இன்-ஒன் பெட்டிகளில் பாக்கெட்டைக் கடத்தத் தனி சிப் இருக்கும். ப்ராக்ஸி முறைச் சோதனையை ஒரு பாலிசியில் (டிராஃபிக் விதியில்) இயக்கியவுடன் அந்த டிராஃபிக் சிப்பை விட்டுச் சாதாரண சி.பி.யு.வுக்குப் போய்விடும். பாக்கெட் கடக்கும்போதே பார்க்கும் ஃப்ளோ முறையில் வேகம் அதிகம். ப்ராக்ஸி முறையில் கோப்பை முழுதாகச் சேர்த்து வைத்துப் பார்ப்பதால் சோதனை ஆழம் அதிகம், நினைவகச் செலவும் அதிகம். எந்த பாலிசிக்கு எந்த முறை என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

கணக்கு

பலரும் தவறுவது இங்கேதான்: இணைய லைன் 500 மெகாபிட், பெட்டி 1 ஜிகாபிட், ஆகவே போதும் என்று முடித்துவிடுவார்கள். ஒரு பெட்டி ஒரே நேரத்தில் பல வகை வேலை செய்யும்போது ஒவ்வொரு வகைக்கும் அதன் வேகம் வேறு. அதனால் மெகாபிட்டைக் கூட்டாமல் பங்கைக் கூட்டுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. 150 பேர் வேலை செய்யும் இடம். உச்ச நேரத்தில் உள்ளே 380, வெளியே 90, ஆக இணைய டிராஃபிக் 470 மெகாபிட். வி-லேன்களுக்கு இடையே 300 மெகாபிட், அதற்கு ஐ.பி.எஸ். மட்டும் போதும். ஆண்டுக்கு 25 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் 4 ஆண்டில் 2.44 மடங்கு: இணையம் 1,147, வி-லேன்களுக்கு இடையே 732. லைனையும் அதற்குள் உயர்த்தியிருப்பீர்கள்.

சிறிய பெட்டி ஒன்று. டி.எல்.எஸ். சோதனையோடு 1,500 மெகாபிட், ஐ.பி.எஸ். மட்டும் என்றால் 3,000. பங்கு: 1,147-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.765, 732-ஐ 3,000-ஆல் வகுத்தால் 0.244. கூட்டினால் 1.009. ஃபயர்வால் த்ரூபுட் 10 ஜிகாபிட் என்று முதல் பக்கம் சொன்னாலும் இந்தப் பெட்டி நான்காம் ஆண்டில் மூச்சுத் திணறும்.

அடுத்த அளவுப் பெட்டி: 2,500-ம் 5,000-ம். பங்கு 0.459 + 0.146 = 0.605. கூட்டுத்தொகை 0.65-க்குள் இருந்தால் வாங்கலாம். மீதி 0.35, திடீர் உச்சத்துக்கும் லாக் எழுதவும் புதிய சிக்னேச்சர்கள் கூட்டும் சுமைக்கும்.

பெரிய பெட்டிக்குப் போகாமல் சிறியதையே சமாளிக்கவும் வழி உண்டு. வீடியோ, மென்பொருள் அப்டேட், நம்பகமான கிளவுட் பேக்கப் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால் இணைய டிராஃபிக்கில் 40 சதவீதம் வரை ஐ.பி.எஸ். மட்டும் என்ற வகைக்குப் போகலாம் என்று கொள்ளுங்கள். அப்போது 688-ஐ 1,500-ஆல் வகுத்து 0.459, 459-ஐ 3,000-ஆல் வகுத்து 0.153. உள் டிராஃபிக்கை வேறொரு ஃபயர்வாலுக்கோ ஸ்விட்சின் ஏ.சி.எல்.லுக்கோ (அனுமதிப் பட்டியலுக்கோ) மாற்றினால் மொத்தம் 0.612. அதே சிறிய பெட்டி இப்போது போதும். ஒரே பெட்டியா, தனிக் கருவியா என்ற கேள்வி உண்மையில் இப்படித்தான் தீர்கிறது: எந்தச் சுமையை இறக்கினால் கணக்கு நேராகிறது என்று பார்த்து.

டேட்டாஷீட் எண் எல்லா கோர்களும் சமமாக உழைக்கும் நிலையில் எடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே பெரிய செஷன், உதாரணமாக இரவு பேக்கப், பல கருவிகளில் ஒரே கோரில்தான் ஓடும். 8 கோரில் ஒன்று 100 சதவீதத்தில் நின்றாலும் சராசரி 13 சதவீதம் என்று காட்டும். ஆகவே சராசரி சி.பி.யு.வைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், கோர் வாரியாகப் பாருங்கள்.

டி.எல்.எஸ்.: ஒரே பெட்டி உண்மையாகவே ஜெயிக்கும் இடம்

இன்றைய வெப் டிராஃபிக்கில் பெரும்பகுதி மறையாக்கியது. அதைப் பிரிக்காத ஐ.பி.எஸ்.-ம் வைரஸ் சோதனையும் உறையின் மேல் எழுதிய முகவரியை மட்டும் படிக்கின்றன. முன்பு ஒரு தனி ஐ.பி.எஸ். கருவியை ஓரமாக வைத்து, உங்கள் சர்வரின் தனிச் சாவியை அதனிடம் கொடுத்தால் நகல் டிராஃபிக்கை அது பிரித்துப் படித்துக்கொள்ளும். ஆர்.எஸ்.ஏ. சாவிப் பரிமாற்றம் இருந்தவரை அது நடந்தது. 2018-ல் வந்த டி.எல்.எஸ். 1.3 அந்த முறையையே நீக்கிவிட்டது. இனி படிக்க வேண்டுமானால் கருவி நடுவில் நின்று இரண்டு பக்கமும் தனித்தனி இணைப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். வெப் ப்ராக்ஸி ஒன்று, ஐ.பி.எஸ். ஒன்று, சாண்ட்பாக்ஸ் (சந்தேகக் கோப்பைத் தனியே ஓட்டிப் பார்ப்பது) ஒன்று என்று வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றும் பிரித்து, பார்த்து, மறுபடி மூட வேண்டும். மூன்று முறை சி.பி.யு. செலவு, மூன்று இடத்தில் சர்டிஃபிகேட் தொல்லை. ஆல்-இன்-ஒன் பெட்டி ஒருமுறை பிரித்து எல்லா எஞ்சினுக்கும் காட்டிவிட்டு ஒருமுறை மூடுகிறது. தனித்தனிக் கருவிகளே வேண்டுமென்றால், பிரிக்கும் வேலையை மட்டும் ஒரு கருவியிடம் விட்டு, பிரித்ததை மற்றவற்றுக்கு அனுப்பும் அமைப்பு தேவை. அதையும் வாங்கும் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் செய்ய வேண்டியவை:

1. பெட்டியில் தானாக வரும் ரூட் சர்டிஃபிகேட்டைப் பயன்படுத்தாமல், உங்கள் நிறுவன சி.ஏ.வின் (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பின்) கீழ் ஒரு துணை சி.ஏ. உருவாக்கிப் பெட்டிக்குக் கொடுங்கள். சாவி கசிந்தால் துணையை மட்டும் ரத்து செய்யலாம்.
2. எல்லாக் கணினிக்கும் ரூட்டை க்ரூப் பாலிசி அல்லது எம்.டி.எம். (கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக முன்பே அனுப்புங்கள். தனி நம்பிக்கைப் பட்டியல் வைத்திருக்கும் பிரவுசர், ஜாவா, பைத்தான், கிட் (Git) ஆகியவற்றைத் தனியே கவனியுங்கள். ‘மென்பொருள் குழுவுக்கு எதுவும் இறங்கவில்லை’ என்று வரும் முதல் புகாருக்குக் காரணம் இதுதான்.
3. செல்லாத சர்டிஃபிகேட் கொண்ட தளத்துக்கு, நம்பிக்கையில்லாத வேறொரு சி.ஏ.வால் கையெழுத்திட்டுக் காட்டும்படி அமையுங்கள். இல்லையென்றால் போலித் தளமும் உங்கள் சி.ஏ.வின் கையெழுத்தோடு பூட்டுச் சின்னம் காட்டிக்கொண்டு திறக்கும்.
4. வங்கி, மருத்துவம், குறிப்பிட்ட சர்டிஃபிகேட்டை மட்டும் ஏற்கும் (பின்னிங் செய்த) ஆப், இரண்டு பக்கமும் சர்டிஃபிகேட் கேட்கும் சேவை ஆகியவற்றை விலக்குப் பட்டியலில் போடுங்கள். விருந்தினர் வை-ஃபையிலும், ரூட் ஏற்ற முடியாத கேமரா, பிரிண்டரிலும் பிரிக்க முயலாதீர்கள். அவற்றைத் தனி வி-லேனில் அடைத்து, போக வேண்டிய இடத்துக்கு மட்டும் வழி விடுங்கள்.
5. பெட்டிக்கு க்விக்கைப் பிரிக்கத் தெரியாவிட்டால் வெளியே போகும் யு.டி.பி. 443-ஐத் தடுங்கள். பிரவுசர் தானாக டி.சி.பி.க்குத் திரும்பிவிடும். இதை மறந்த இடங்களில், பணம் கட்டி வாங்கிய சோதனையைத் தாண்டிக் கணிசமான டிராஃபிக் தினமும் போகிறது.

எதை வெளியே எடுப்பது, எந்த வரிசையில்

லாக் முதலில். இது விவாதத்துக்கே இடமில்லாதது. பெட்டிக்குள் மட்டும் லாக் வைத்தால், உள்ளே புகுந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான். டிஸ்க் இல்லாத சிறிய மாடல்களில் ரீபூட் ஆனாலே போய்விடும். நொடிக்கு 200 வரி, வரிக்கு 500 பைட் என்றால் நாளைக்கு 8.64 ஜி.பி., 90 நாளுக்கு சுமார் 778 ஜி.பி. ஒரு சாதாரண சர்வர் போதும். யு.டி.பி. 514-ல் அனுப்பினால் நெரிசலில் சத்தமில்லாமல் வரிகள் தொலையும், டி.எல்.எஸ். 6514 நல்லது. எல்லாக் கருவியும் ஒரே என்.டி.பி. (கடிகார நேரம் தரும்) மூலத்தைப் பார்க்கட்டும். நேரம் பொருந்தாத லாக்கை வைத்துக்கொண்டு எதையும் கோர்க்க முடியாது.

அடுத்தது மெயில். மெயில் கிளவுடில் இருந்தால் பெட்டியின் ஸ்பேம் வடிகட்டிக்கு வேலையே இல்லை. மெயில் அதைக் கடப்பதே கிடையாது. அந்த லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். சொந்த மெயில் சர்வர் இருந்தால் தனி கேட்வே வையுங்கள். எம்.எக்ஸ். பதிவை (மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) கேட்வேக்கு மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். கேட்வேயின் ஐ.பி.யிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி மெயில் சர்வரைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஸ்பேம் அனுப்புபவர் எம்.எக்ஸ்.-ஐப் பார்க்காமல் பழைய முகவரிக்கே நேரே அனுப்புவார்.

வெளியுலகுக்குத் திறந்த வெப் அப்ளிகேஷன் உங்களிடம் இருந்தால் டபிள்யூ.ஏ.எஃப். (வெப் அப்ளிகேஷனுக்கான ஃபயர்வால்) தனியாக வேண்டும். ஐ.பி.எஸ். தெரிந்த ஓட்டைகளின் வடிவத்தைத் தேடும். உங்கள் லாகின் பக்கத்தில் எந்தப் புலம் எண் மட்டும் ஏற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. மாட்செக்யூரிட்டி என்ற டபிள்யூ.ஏ.எஃப். எஞ்சினும் அதற்கான ஓவாஸ்ப் கோர் ரூல் செட்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பாரனோயா லெவல் (கண்டிப்பின் அளவு) 1-ல், கண்டறி மட்டும், தடுக்காதே என்ற நிலையில் மூன்று நான்கு வாரம் ஓட்டி, பொய் எச்சரிக்கைகளை விலக்கிய பிறகு தடுக்கத் தொடங்குங்கள். முதல் நாளே லெவல் 4-ல் தடுக்கத் தொடங்கினால் வாடிக்கையாளரின் முகவரியில் உள்ள ஒற்றை மேற்கோள் குறியே படிவத்தை நிறுத்தும். பிறகு யாராவது எரிச்சலில் மொத்தமாக அணைத்துவிடுவார்கள், அது அப்படியே கிடக்கும். அப்ளிகேஷன் லாகில் உண்மையான ஐ.பி. பதிய, டபிள்யூ.ஏ.எஃப். அனுப்பும் ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பைச் சர்வர் படிக்கும்படி அமைக்கவும் வேண்டும்.

வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்கான வி.பி.என்., எண்ணிக்கையைப் பொறுத்தது. 20, 30 பேர் என்றால் பெட்டியிலேயே இருக்கட்டும். நூறைத் தாண்டினால் தனி மெஷினுக்கு மாற்றுவது நல்லது. காரணம் வேகம் அல்ல. இணையத்துக்குத் திறந்த எஸ்.எஸ்.எல். வி.பி.என். லாகின் பக்கம் தாக்குபவர்களுக்குப் பிடித்த வாசல், அவசர பேட்ச் அடிக்கடி வரும். அது ஃபயர்வாலோடு ஒட்டியிருந்தால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அலுவலகம் முழுவதையும் துண்டிக்க வேண்டும், அதனாலேயே பேட்ச் தள்ளிப்போகும். எங்கே வைத்தாலும் இரண்டாம் அடையாளச் சோதனை கட்டாயம், நிர்வாகப் பக்கம் இணையத்தில் தெரியவே கூடாது. டனலுக்குள் பெரிய கோப்பு மட்டும் நின்றுபோகிறது, பிங் போகிறது என்றால் எம்.டி.யு.வை (பாக்கெட்டின் உச்ச அளவை) பாருங்கள், எம்.எஸ்.எஸ்.-ஐ (டி.சி.பி. ஒரு பாக்கெட்டில் அனுப்பும் டேட்டாவின் உச்ச அளவை) 1,360 அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

டி.என்.எஸ். (தளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் சேவை) வடிகட்டலை ஒரு தனி ரிசால்வரில் செய்வது மலிவு, சுலபம். அந்த ரிசால்வரைத் தவிர மற்ற யாரும் வெளியே 53, 853 போர்ட்டுகளுக்குப் போக முடியாதபடி தடுத்தால்தான் பயன்.

தனி ஐ.பி.எஸ். எல்லாவற்றுக்கும் கடைசி. டேட்டா சென்டரில் சர்வர்களுக்கிடையே 10 ஜிகாபிட்டுக்கு மேல் ஓடுகிறது, எச்சரிக்கைகளை வாரத்துக்கு அரை நாளாவது உட்கார்ந்து படித்து ட்யூன் செய்ய ஒருவர் இருக்கிறார் என்றால் யோசிக்கலாம். சுரிகாட்டா என்ற இலவச ஐ.பி.எஸ். மென்பொருளைத் தனி சர்வரில், ஸ்விட்சிலிருந்து டிராஃபிக்கின் நகல் வரும் போர்ட்டில் மாட்டி ஒரு மாதம் பாருங்கள். அந்த மாதத்தில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது.

டி.டாஸ் (பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் டிராஃபிக்கைக் கொட்டித் திணறடிக்கும் தாக்குதல்) பற்றிக் கேட்பார்கள். இரண்டு கட்சிக்கும் இதில் இடமில்லை. லைனை நிரப்பும் வெள்ளம் உங்கள் பெட்டிக்கு வரும் முன்பே லைன் செத்துவிடும். அதை இணையச் சேவை தருபவரிடமோ மேலே உள்ள கிளவுடிலோதான் தடுக்க முடியும்.

விழும்போது என்ன ஆகும்

ஒரே பெட்டி வைத்தால் எல்லாம் ஒரே தூணில் நிற்கிறது என்பது தெரிந்ததே. வரிசையாக நான்கு கருவி வைப்பது அதைவிட ஆபத்து என்பது பலருக்குத் தோன்றாது. ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் ஓடும் என்றால், ஒரு பெட்டி ஆண்டுக்கு 8.76 மணி நேரம் நிற்கும். நான்கு வரிசையில் இருந்தால் ஏறக்குறைய 35 மணி நேரம். இதைச் சரிக்கட்ட ஒவ்வொன்றுக்கும் ஜோடி போட்டால் எட்டுப் பெட்டி, எட்டு லைசென்ஸ்.

அதனால் தனி ஐ.பி.எஸ். வாங்கினால் பைபாஸ் போர்ட் உள்ளதையே வாங்குங்கள். மின்சாரம் போனாலும் வயர் நேராக இணைந்துகொள்ளும். ஃபயர்வாலுக்கு மட்டும் பைபாஸ் கூடாது. ஆல்-இன்-ஒன் பெட்டியில் நினைவகம் நிரம்பினால் சோதனை இல்லாமல் விடுமா, புதிய செஷனை மறுக்குமா என்பதை அமைப்பில் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். அளவு மீறிய கோப்புகளை வைரஸ் சோதனை என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். சில கருவிகளில் 10 எம்.பி.க்கு மேல் இருந்தால் சோதிக்காமல் விடுவதே ஆரம்ப அமைப்பு.

ஹெச்.ஏ. ஜோடியில் (ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும் இரண்டு பெட்டிகளில்), ஒன்றையொன்று உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் ஹார்ட்பீட் கேபிள் இரண்டு, நேரடியாக, வேறு வேறு போர்ட்டில். ஒற்றைக் கேபிள் அறுந்தால் இரண்டு பெட்டியும் ‘நான்தான் முதல்வன்’ என்று கிளம்பி ஒரே ஐ.பி.யைப் பிடித்துக்கொள்ளும். ஹெச்.ஏ. வன்பொருள் கோளாறிலிருந்து மட்டுமே காக்கும். தவறான பாலிசியும் கெட்ட ஃபர்ம்வேரும் இரண்டு பெட்டிக்கும் ஒன்றாகவே போய்ச் சேரும்.

தனித்தனிக் கருவிகளில் வரும் இன்னொரு வழக்கமான கோளாறு, போன வழி ஒன்று, வந்த வழி வேறு என்பது. பாக்கெட் ஒரு ஃபயர்வால் வழியே போய்ப் பதில் இன்னொன்றின் வழியே வந்தால், இரண்டாவது அந்தச் செஷனை அறியாது, வீசிவிடும். சில தளம் மட்டும் சில நேரம் திறக்காது என்ற புகார் வந்தால் ரூட்டிங் டேபிளை இரண்டு திசையிலும் பாருங்கள்.

லைசென்ஸ்

ஐந்து ஆண்டுக் கணக்காகவே ஒப்பிடுங்கள்: வன்பொருள் (ஜோடி என்றால் இரண்டு), சந்தா, சப்போர்ட், மின்சாரம், ரேக் இடம், பார்த்துக்கொள்பவரின் நாட்கள். சந்தா தீர்ந்த மறுநாள் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். சிலவற்றில் சிக்னேச்சர் அப்டேட் மட்டும் நிற்கும், சிலவற்றில் வெப் ஃபில்டர் எல்லாத் தளத்தையும் தடுத்துவிடும். சப்போர்ட் முடியும் தேதியையும் பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் மாடல் விற்பனை நிறுத்தத்துக்கு நெருங்கியதாக இருக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் சோதனை

பெட்டியை இரண்டு வாரம் இரவல் வாங்குங்கள். வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருள் கொண்டு முதலில் ஒரே ஸ்ட்ரீம், பிறகு 8 ஸ்ட்ரீம், சோதனை எதுவும் இல்லாமல் ஓட்டி எழுதுங்கள். ஐபெர்ஃப் வெறும் டி.சி.பி. என்பதால் வைரஸ், டி.எல்.எஸ். எஞ்சின்களை அது தொடாது. அவற்றுக்கு உள்ளே ஒரு வெப் சர்வர் வைத்து ஹெச்.டி.டி.பி.எஸ். வழியாகச் சின்னக் கோப்பும் பெரிய கோப்புமாக ஒரே நேரத்தில் பலர் இறக்குவது போலச் செய்யுங்கள். ஐ.பி.எஸ்., வைரஸ், ஆப் கன்ட்ரோல், டி.எல்.எஸ். என்று ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு படியிலும் வேகம், கோர் வாரி சி.பி.யு., நினைவகம், பிங் தாமதம் நான்கையும் குறியுங்கள். எந்தப் படியில் பாதியாக விழுகிறதோ அதுதான் வெளியே எடுக்க வேண்டிய வேலைக்கான முதல் வேட்பாளர்.

வைரஸ் சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும், தீங்கில்லாத 68 எழுத்து ஐகார் சோதனைக் கோப்பை ஹெச்.டி.டி.பி.யில், ஹெச்.டி.டி.பி.எஸ்.-ல், ஜிப்புக்குள், ஜிப்புக்குள் ஜிப்பில், 50 எம்.பி. கோப்புகளோடு ஒரே ஜிப்பில் என்று ஐந்து விதமாக இறக்கிப் பாருங்கள். இரண்டாவதில் பிடிபடவில்லை என்றால் டி.எல்.எஸ். சோதனை ஓடவில்லை. ஐந்தாவதில் நழுவினால் அளவு வரம்பு.

ஹெச்.ஏ.வுக்கு, நொடிக்கு ஐந்து பிங் ஓடவிட்டு, ஒரு ஃபோன் அழைப்பும் நடந்துகொண்டிருக்க, முதல் பெட்டியின் மின் வயரைப் பிடுங்குங்கள். மெனுவில் ‘ஃபெயில்ஓவர்’ அழுத்துவது சோதனை ஆகாது. தொலைந்த பிங்கை ஐந்தால் வகுத்தால் நொடி.

மாற்றும் இரவு

பழைய ஃபயர்வாலின் ரூல்களை அப்படியே நகல் எடுக்காதீர்கள். 90 நாளில் ஒருமுறையும் பயன்படாத ரூல்களைத் தனியே ஒதுக்கி, ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் கணக்கு முடிப்பு போன்றவை அதில் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டுவிட்டு மீதியை விடுங்கள். முதல் இரவில் ஃபயர்வாலும் என்.ஏ.டி.யும் (உள் முகவரிகளைப் பொது ஐ.பி.யாக மாற்றுவது) மட்டும் போகட்டும். ஐ.பி.எஸ். அடுத்த வாரம் கண்டறி நிலையில், டி.எல்.எஸ். பிரிப்பு அதற்கடுத்து ஐ.டி. குழுவின் கணினிகளில் மட்டும்.

வயரை மாற்றி மாட்டியதும் எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால், ரூலில் கை வைக்கும் முன் மேல் ரவுட்டரின் ஏ.ஆர்.பி. டேபிளை (எந்த ஐ.பி. எந்த மேக் முகவரியில் இருக்கிறது என்ற பட்டியலை) நினையுங்கள். அது பழைய பெட்டியின் மேக் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். சில ரவுட்டர்களில் அது தானாக மறக்க 4 மணி நேரம் ஆகும். புதிய பெட்டியிலிருந்து கிராட்யூட்டஸ் ஏ.ஆர்.பி. (யாரும் கேட்காமலே புதிய மேக் முகவரியை அறிவிப்பது) அனுப்புங்கள், அல்லது சேவை தருபவரிடம் அழிக்கச் சொல்லுங்கள். என்.ஏ.டி.க்கு ஐந்தாறு பொது ஐ.பி. வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், முதல் ஐ.பி. வேலை செய்துவிட்டதைப் பார்த்து வீட்டுக்குப் போய்விட்டால், காலையில் மெயில் சர்வர் மட்டும் வெளியே தெரியாமல் நிற்கும். பழைய பெட்டியை இரண்டு வாரம் ரேக்கிலேயே, வயர்களில் பெயர் ஒட்டி, விட்டு வையுங்கள்.